பதினாலாம் வளைவு

ஏற்காட்டிலிருந்து இறங்கிய கடைசிப் பேருந்து
பதினாலாம் வளைவில் நின்றது.
சாலை நடுவே காட்டெருமை.
ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார்.
ஐம்பத்தெட்டுப் பேர், ஒரு கைக்குழந்தை,
இருக்கைக்கடியில் ஒரு பலாப்பழம்,
யாரும் மூச்சு விடவில்லை.
அது எங்களைப் பார்க்கவில்லை.
எங்களுக்குப் பின்னால் எதையோ பார்த்தது.
பதினோரு நிமிடம்.
பிறகு, தனக்குத் தோன்றியபோது, போனது.

அடிவாரம் வரும்வரை எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.
நான் அந்தப் பதினோரு நிமிடத்தைக்
கைப்பையில் போட்டுக்கொண்டு
பொன்னம்மாப்பேட்டைக்கு வந்து சேர்ந்தேன்.

வைக்க இடம் வேண்டுமே.
ஒன்றரை அறை வீடு.
சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே
ஆறடி நடை இருந்தது.

கால்கள் எளிது.
முட்டிக்குக் கீழே காலுறை மாட்டியதுபோல் வெள்ளை அதற்கு.
நான் கணக்கெழுதும் சேகோ ஆலையில்
கிழிந்த ஜவ்வரிசிச் சாக்குக்கு மட்டும் கணக்கில்லை.
உள்ளே எலும்பாக
ஒட்டடைக்கோல் இரண்டு துண்டாய்,
மாப்பின் தடி ஒன்று,
மகன் மூன்றாம் வகுப்பில் அழுது வாங்கி
நான்காம் வகுப்பில் முறித்த கிரிக்கெட் மட்டை.

கொம்புக்கு பிளாஸ்டிக் நாற்காலியின் இரு கைகள்.
(என் மாமனார் உட்கார்ந்திருந்தபோதே உடைந்த நாற்காலி.
அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.)
திமிலுக்கு,
மேட்டூர்த் தண்ணீர் வரும் நாட்களில்
வரிசையில் இடிபட்டு விரிசல் விட்ட குடம்.
உடம்பு முழுக்கச் செய்தித்தாள்.
தங்கம் விலை ஏறியதெல்லாம் வயிற்றில்,
கண்ணீர் அஞ்சலிகள் எப்படியோ முதுகில்.
கறுப்புக்கு,
வேடியப்பனின் தலைச்சாய உறைகளில் ஒட்டியிருந்த மிச்சம்.
ஞாயிறுக்கு ஞாயிறு ஒரு கை அகலம் கறுத்தது.

பசை மரவள்ளி மாவில் காய்ச்சினேன்.
மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட வேண்டும்; மறந்துவிட்டேன்.
காலையில் பார்த்தால்
இடது விலா முழுக்க எறும்பு.
விளக்கைப் போடாமல் நின்றேன்.
விலா ஏறி இறங்குவதுபோல் இருந்தது.
எறும்புப் பொடி டப்பா கையில்தான் இருந்தது.
தூவ
கால் மணி நேரம் ஆனது.

இந்திராணி அக்கா எட்டிப் பார்த்துக்
"கன்னுக்குட்டியா?" என்றாள்.
மகன் "டைனோசர்" என்றான்.
வேடியப்பன்
"குளிக்கப் போறவனுக்கு வழி விடுமா உன் மாடு?" என்றார்.

பழைய பேப்பர் எடுக்க வந்த மாதையன்
தராசைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி வந்தார்.
தட்டிப் பார்த்தார். காதைத் திருகினார்.
"அலுமினியம் தனி, பிளாஸ்டிக் தனி, பேப்பர் தனி.
பிரிச்சுக் குடுத்தா காசுக்கா.
ஒண்ணா இருந்தா குப்பை."
ஏழு மாதமாக நான் என்ன செய்கிறேன் என்பதை
இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.
டீ கொடுத்தேன்.

கண்ணுக்குக் குக்கரின் பழைய வெயிட்.
ஒன்று போதும்,
மறுபக்கம் சுவர்தானே.
புது வெயிட் போன வாரம் பாத்திரத் தண்ணீரோடு
சாக்கடைக்குப் போய்விட்டது.
அன்றிலிருந்து வேளாவேளைக்குக்
கண்ணைப் பிடுங்கி உலை வைக்கிறேன்.
மூன்று விசில்.
துடைத்துத் திரும்பப் பதிக்கிறேன்.

நேற்று இரவு மின்சாரம் இல்லை.
இரும்பாலையில் இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்தவர்
செருப்பைக் கழற்றி,
தோளில் துண்டோடு
நடையின் முனைக்கு வந்து,
நின்றார்.
ஒருக்களித்தால் போய்விடலாம், தினமும் போகிறவர்தான்.
கையில் இருந்த டார்ச்சைப் போடவில்லை.
தெருவில் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது.
சமையலறை வாசலிலிருந்து
நானும் அசையவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
அது கடந்து போகட்டும் என்று காத்திருந்தார்.
எங்கள் இருவருக்கும் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்த
அந்த ஒற்றைக் கண்ணில்
சோற்றுச் சூடு இன்னும் ஆறவில்லை.